தாதியர் படிப்பு: அனுபவக் கணக்கை இரண்டு கொப்பியில் எழுதுங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து சில நாட்கள் போனால் எங்கள் வியாபாரத் தெருவில் பேச்சு மாறிவிடும். டொலர் விலை, திரும்பி வந்த காசோலை, கடை வாடகை எல்லாம் பின்னுக்குப் போய், "பிள்ளையை அடுத்து எதில் விடுவது?" என்ற கேள்வி முன்னுக்கு வரும். முன்பெல்லாம் கணக்கியல், கணினி என்று இரண்டு மூன்று பதில்களோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அண்மைக் காலமாக என்னிடம் தாதியர் படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

"நானா, மகள் நேர்ஸுக்குத்தான் படிப்பேன் என்டு நிக்கிறாள். எங்க விடுற? எவ்வளவு போகும்? படிக்கக்குள்ளயே ஒரு ஆஸ்பத்திரியில வேலை செஞ்சா அனுபவமும் வரும், செலவுக்கும் ஆகும்தானே?" இப்படித்தான் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்கும் அந்த அனுபவக் கேள்வியைத்தான் இந்த வாரம் விளக்கப் போகிறேன். நம்மவர்கள் பலர் காசைக் கட்டிவிட்டுப் பிறகு கவலைப்படுவது அந்த இடத்தில்தான்.

நான் வைத்தியத் துறையில் இருப்பவன் அல்லன். புடவை வியாபாரி. ஆனால் பல வருடங்களாகத் தனியார் வைத்தியசாலைகளுக்குச் சீருடைத் துணியும் கட்டில் விரிப்பும் கொடுத்து வருகிறேன். கொடுத்த சரக்குக்குக் காசு வாங்கக் காத்திருந்த நேரங்களில் மேற்றன்மாரோடும் தாதியரோடும் பேசிப் பழகியிருக்கிறேன். என் தங்கையின் மகள் அரசாங்க வைத்தியசாலையொன்றில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறாள். அவள் படித்த மூன்று வருடங்களையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

இரண்டு கொப்பி

நாங்கள் கடையில் பற்று வரவுக் கொப்பியை வேறாகவும் வீட்டுச் செலவுக் கொப்பியை வேறாகவும் வைத்திருப்போம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் எது இலாபம், எது செலவு என்று தெரியாமல் போய்விடும். தாதியர் படிப்பில் "அனுபவம்" என்று சொல்வதும் அப்படி இரண்டு வகைப்படும்.

முதலாவது, படிப்புக்குள்ளேயே வரும் வார்ட் பயிற்சி. பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, ஆசிரியரின் அல்லது வார்ட் சிஸ்டரின் மேற்பார்வையில், இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக் கையொப்பத்தோடு எழுதப்படுவது அது. தாதியாகப் பதிவு பெறுவதற்கு உதவும் அனுபவம் இந்த ஒன்றுதான்.

இரண்டாவது, படிக்கும் காலத்தில் வெளியில் செய்யும் வேலை. தனியார் வைத்தியசாலையில் உதவியாளர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர், வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், முதலுதவித் தொண்டர் போன்றவை இதில் அடங்கும். இந்த வேலை பிள்ளைக்கு நிறையக் கற்றுக்கொடுக்கும். பிற்காலத்தில் வேலை தேடும்போதும் கைகொடுக்கும். ஆனால் இதில் ஆயிரம் மணித்தியாலம் உழைத்தாலும், முதலாவது கொப்பியில் ஒரு மணித்தியாலம்கூடத் தானாக ஏறாது.

இந்த வித்தியாசம் தெரியாததால் நம்மவர்கள் இரண்டு விதத்தில் ஏமாறுகிறார்கள். வார்ட் பயிற்சி இல்லாத பாடநெறிக்குக் காசைக் கட்டிவிட்டு, "வெளியில் வேலை செய்து அனுபவம் எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது ஒன்று. நல்ல பாடநெறியில் இருக்கும் பிள்ளையை வெளி வேலைக்கும் அனுப்பி, வார்டில் தூங்கி விழ வைப்பது மற்றொன்று.

நம் நாட்டில் உள்ள வழிகள்

இலங்கையின் முதலாவது தாதியர் பயிற்சிப் பாடசாலை 1939ஆம் ஆண்டு கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. இன்று கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, குருநாகல் உட்படப் பல இடங்களில் சுகாதார அமைச்சின் கீழ் தாதியர் கல்லூரிகள் இயங்குகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களிடமிருந்து வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரித் தெரிவு செய்கிறார்கள். பயிற்சி மூன்று வருடம். கட்டணம் கிடையாது. பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

இந்த வழியில் போகும் பிள்ளைக்கு வெளி வேலை தேவையில்லை, அதற்கு நேரமும் இராது. வகுப்பும் வார்டும் மாறி மாறி வரும். மருத்துவ வார்ட், சத்திரசிகிச்சை வார்ட், குழந்தைகள் வார்ட், பிரசவ வார்ட், மனநலப் பிரிவு, சத்திரசிகிச்சைக் கூடம் என்று பல இடங்களைப் பார்த்தே பயிற்சியை முடிக்க வேண்டும். என் மருமகள் படித்த காலத்தில் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தவள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். முதல் நாள் அவளுக்கு இரவுக் கடமை. அவளுடைய உம்மா தட்டி எழுப்பப் போனபோது, "விடுங்க, பிள்ளை தூங்கட்டும்" என்று நான்தான் தடுத்தேன்.

இரண்டாவது வழி பல்கலைக்கழகம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், றுகுணு, கிழக்கு போன்ற பல்கலைக்கழகங்களில் நான்கு வருடத் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. இவற்றிலும் வைத்தியசாலைப் பயிற்சி பாடத்தின் உள்ளேயே வரும். ஏற்கெனவே தாதியாக வேலை செய்பவர்கள் வேலையை விடாமல் பட்டம் பெறுவதற்குத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் வழி திறந்தது. வேலையும் படிப்பும் ஒன்றாகப் போவதற்கு நம் நாட்டில் உள்ள நல்ல உதாரணம் அது. ஆனால் அங்கே முதலில் பதிவும் வேலையும், அதன் பிறகே பட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வழி தனியார் துறை. பெரிய தனியார் வைத்தியசாலைகள் சில தமது தேவைக்காகத் தாமே பயிற்சி கொடுக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பாடநெறி நடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன. நல்லவையும் உண்டு, பெயர்ப்பலகை மட்டும் உள்ளவையும் உண்டு. நாம் காசு கட்டப் போவது இந்த வழியில் என்பதால் விசாரிக்க வேண்டியதும் இங்கேதான் அதிகம்.

நான்காவது, தேசிய தொழிற்தகைமை என்னும் என்.வி.கியூ. வழி. பராமரிப்பாளர் போன்ற தொழில்களுக்கு 3ஆம், 4ஆம் மட்டச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஏற்கெனவே வேலை செய்து கைப்பழக்கம் உள்ளவரைப் பரீட்சித்து, அந்த அனுபவத்தையே அங்கீகரித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் இதில் உண்டு. வெளி வேலை அனுபவத்துக்கு உத்தியோகபூர்வமான பெறுமதி கிடைப்பது இந்த இடத்தில்தான். ஆனால் இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவர் தன்னைப் பதிவு பெற்ற தாதி என்று சொல்ல முடியாது. பராமரிப்பாளர் ஒரு தொழில், தாதி வேறொரு தொழில்.

ஒரு நண்பருக்கு நடந்தது

எங்கள் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பரொருவர் தன் மகளை ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்த்தார். பாடநெறி ஒன்றரை வருடம். பெயரில் "தாதியர் டிப்ளோமா" என்று இருந்தது. விளம்பரத்தில் வேலைவாய்ப்பும் வெளிநாடும் பெரிய எழுத்தில் இருந்தன. பக்கத்துக் கடையை எடுப்பதற்கு முற்பணமாக ஒதுக்கி வைத்திருந்த காசை அவர் அதற்குக் கட்டினார்.

பிள்ளை கெட்டிக்காரி. ஒரு வகுப்பும் தவறவிடாமல் போனாள். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் ஊசி போடப் பழகியது பொம்மைக்கு மட்டுமே. வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனது இரண்டே தடவை, அதுவும் சுற்றிப் பார்க்க. படிப்பு முடிந்து ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது மேற்றன் முதலில் கேட்டது வார்ட் பயிற்சிப் பதிவுப் புத்தகத்தை. பிள்ளையிடம் அப்படி ஒன்று இல்லை. சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதவியாளராக எடுக்கலாம் மகள், மற்ற எல்லாத்தையும் முதலில் இருந்து படிக்க வேண்டி வரும்" என்றாராம்.

நண்பர் என் கடைக்கு வந்து வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காசு போனதைவிட, பிள்ளையின் ஒன்றரை வருடம் போனதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் பிள்ளை உதவியாளராகச் சேர்ந்தாள். இப்போது வேலை செய்துகொண்டே முறையான வழிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறாள்.

வார்டில் என்ன கற்கிறார்கள்?

"அப்படி என்னதான் இருக்கிறது வார்டில்? புத்தகத்தில் இல்லாததா?" என்று சிலர் கேட்கலாம். தராசு பிடிக்கப் புத்தகம் படித்து யாரும் பழகவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் வார்ட் வேலை வெறும் கைப்பழக்கத்தோடு முடிவதில்லை.

மாணவத் தாதி முதலில் கற்பது கட்டில் விரிப்பது, நோயாளியைத் துடைத்துச் சுத்தம் செய்வது, காய்ச்சல், நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து எழுதுவது. அசைய முடியாத நோயாளியை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். குடித்தது எவ்வளவு, சேலைனில் ஏறியது எவ்வளவு, சிறுநீராகப் போனது எவ்வளவு என்று வரவு செலவு எழுத வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அந்தக் கணக்குப் பிழைத்தால் வைத்தியரின் தீர்மானமும் பிழைத்துவிடும்.

கை கழுவுவதைக்கூட முறையாகப் பழக்குகிறார்கள். நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், இரத்தம் போன்றவை பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்று ஐந்து சந்தர்ப்பங்களை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. முப்பது கட்டில் உள்ள வார்டில் ஓடித் திரியும்போது அந்த ஐந்தையும் மறக்காமல் இருப்பது வகுப்பறையில் வராது.

அடுத்தது கடமை மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தாயிற்று, யாருக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும், யாரை இரவில் விசேடமாகப் பார்க்க வேண்டும் என்று ஒன்றும் விடாமல் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். இரவில் கல்லாப் பெட்டியை எண்ணிக் கொடுப்பது போன்ற வேலை. கல்லாவில் குறைந்தால் நமக்கு நட்டம் காசில் முடியும். அங்கே ஒரு வார்த்தை விடுபட்டால் ஒரே மருந்தை இரண்டு தரம் கொடுத்துவிடலாம்.

எத்தனை மணித்தியாலம் பயிற்சி வேண்டும் என்பதற்குப் பிரித்தானியாவின் அளவைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் போக நினைக்கும் நாடு அது என்பதால் தெரிந்து வைப்பது நல்லது. அங்கே பதிவு பெறும் படிப்புக்கு மொத்தம் 4,600 மணித்தியாலம். அதில் பாதி, அதாவது 2,300 மணித்தியாலம், செயன்முறைப் பயிற்சி. அதற்குள் 600 மணித்தியாலம் வரைதான் பொம்மை, செயற்கை வார்ட் போன்றவற்றில் செய்யலாம். மற்றவை எல்லாம் உண்மையான நோயாளிகளோடு.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. பயிற்சிக்கு வரும் மாணவரை வார்டின் ஊழியர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஆள் பற்றாக்குறைக்கு மாணவரை வைத்துச் சமாளிக்க முடியாது. அவர் கற்க வந்தவர் என்பதைக் காப்பாற்றத்தான் அந்த விதி. இங்கே ஒரு நிறுவனம் "பயிற்சி" என்று சொல்லிப் பிள்ளையைச் சம்பளமில்லாமல் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறதா, உண்மையாகக் கற்பிக்கிறதா என்று பார்ப்பதற்கு இதை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

வெளி வேலையால் என்ன பயன்?

இவ்வளவு சொன்னதால் வெளி வேலை வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான காலத்தில், சரியான அளவில் செய்தால் அது நல்ல முதலீடு. மூன்று பயன்களைச் சொல்வேன்.

முதலாவது, சாம்பிள் பார்ப்பது. ஒரு கொள்கலன் சரக்கை நாம் சாம்பிள் பார்க்காமல் எடுப்பதில்லை. ஆனால் மூன்று நான்கு வருடப் படிப்பில் பிள்ளையைப் பார்க்காமலே சேர்த்து விடுகிறோம். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை சில மாதங்கள் சும்மா இருக்கிறார்கள் அல்லவா? அந்த இடைவெளியில் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். முடிந்தால் ஒரு முதியோர் இல்லத்தில் சில வாரம் தொண்டு செய்யட்டும். ஒரு வயதானவருக்குச் சோறு ஊட்டி, அவருடைய மலசலத்தைச் சுத்தம் செய்து, அவர் ஏசுவதையும் பொறுத்துக்கொண்டு, மறுநாளும் விருப்பத்தோடு போகும் பிள்ளை இந்தத் தொழிலுக்கு உரியது. வேண்டாம் என்று திரும்பி வந்தால் அதிலும் குறை இல்லை. பெரிய செலவு வருமுன்னே தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது, மொழி. தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகளுக்கு நாட்டின் பெரும்பாலான வார்ட்களில் சிங்களம் இல்லாமல் ஒரு நாளும் போகாது. "வலி எந்தப் பக்கம்? எரிகிறதா, குத்துகிறதா? எப்போதிருந்து?" என்று நோயாளியின் மொழியில் கேட்டு, அவர் சொல்வதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். வரவேற்பு மேசையிலோ உதவியாளராகவோ ஆறு மாதம் இருந்த பிள்ளைக்கு இந்தப் பேச்சு சரளமாக வந்துவிடும். எந்த ரியூசன் வகுப்பிலும் இது கிடைப்பதில்லை.

மூன்றாவது, மனத் தைரியம். முதன்முதலில் ஒரு மரணத்தைப் பார்ப்பது, அழும் உறவினரோடு பேசுவது, கோபப்படும் வைத்தியருக்குப் பதில் சொல்வது எல்லாம் பழகிய பிள்ளைக்குப் படிப்பின் முதல் வருடம் பாரமாக இராது.

எல்லை எங்கே?

வெளி வேலையில் ஒரு கோடு உண்டு. பதிவு பெறாத பிள்ளை ஊசி போடவோ, சேலைன் ஏற்றவோ, தன் பொறுப்பில் மருந்து கொடுக்கவோ கூடாது. ஆள் குறைவான சில சிறிய மருத்துவ நிலையங்களில் "பழகிக்கொள் மகள்" என்று சொல்லி இவற்றைச் செய்யவிடுகிறார்கள். பிள்ளையும் சந்தோஷப்படும், வீட்டுக்கு வந்து பெருமையாகவும் சொல்லும். ஒரு நோயாளிக்கு மருந்து ஒவ்வாமல் போகும் நாளில் அந்தப் பெருமைக்கு யார் பொறுப்புச் சொல்வது?

வேலை செய்யும் இடம் பதிவு பெற்றதா என்றும் பாருங்கள். தனியார் வைத்தியசாலைகளும் மருத்துவ நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. நண்பரின் இடம் என்பதற்காக இதைக் கேட்காமல் விட வேண்டாம்.

உடல் பாதுகாப்பும் முக்கியம். நோயாளியின் இரத்தத்தோடு புழங்கும் வேலைக்குப் போகுமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். வழமையாக மூன்று ஊசி: முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஆகவே வேலைக்குப் போகும் வாரத்தில் யோசிக்காமல் முன்கூட்டியே ஆரம்பியுங்கள். பாவித்த ஊசி கையில் குத்திவிட்டால் உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, அந்த நேரமே பொறுப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. ஏசுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் இதை மறைத்துவிடுவதுண்டு. "என்ன நடந்தாலும் சொல்" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெண் பிள்ளைகளின் இரவுக் கடமை, போக்குவரத்து, தங்குமிடம், தலையை மூடுவது பற்றிய சீருடை விதி ஆகியவற்றையும் கட்டணம் கட்டுமுன் கேட்டுத் தெளிய வேண்டும். சேர்ந்த பிறகு சண்டை பிடிப்பதில் பயனில்லை. பிரித்தானிய வைத்தியசாலைகளில் நோயாளியைத் தொட்டு வேலை செய்யும்போது முழங்கைக்குக் கீழே துணி, கைக்கடிகாரம் எதுவும் இருக்கக் கூடாது என்பது பொது விதி. கை கழுவுவதற்காக வந்த விதி அது. அங்கே போக நினைப்பவர்கள் இதையும் தெரிந்திருப்பது நல்லது.

பிரித்தானியாவில் படிக்கும் பிள்ளைக்கு

மாணவர் வீசாவில் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளை பாடம் நடக்கும் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம். தாதியர் மாணவர் பலர் பராமரிப்பு இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் உதவியாளராக வேலை செய்கிறார்கள். தேவைப்படும் நாளுக்கு மட்டும் கூப்பிடும் முறையும் இருப்பதால் படிப்போடு ஒத்துப்போகும். ஆனால் அந்த மணித்தியாலங்கள் நான் மேலே சொன்ன 2,300இல் சேராது. பயிற்சி வாரங்களில் நாளொன்றுக்கு 12 மணித்தியாலக் கடமையும் வரும். அதற்கு மேல் வெளி வேலையும் என்றால் உடம்பு தாங்காது. ஆகவே பிள்ளை அங்கே வேலை செய்து கல்விக் கட்டணத்தைக் கட்டிவிடும் என்ற கணக்கில் யாரும் அனுப்ப வேண்டாம். கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பராமரிப்பாளர் வீசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. "கெயார் வீசா இருக்கிறது, போய்ச் சேர்ந்த பிறகு நேர்ஸ் ஆகலாம்" என்று இப்போதும் யாராவது காசு கேட்டால், அந்த ஆளுக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சேவைக் கடிதம்

சென்ற வருடம் தூரத்து உறவினர் ஒருவர் என்னிடம் வந்தார். "நீங்க ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொடுக்கிறீங்கதானே நானா, மகனுக்கு ரெண்டு வருஷம் வேலை செஞ்ச மாதிரி ஒரு கடிதம் எடுத்துத் தாங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. காரணத்தை இங்கே எல்லோருக்கும் சொல்லி விடுகிறேன்.

வளைகுடா நாடுகளில் தாதியாக அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது சான்றிதழையும் சேவைக் கடிதத்தையும் கொடுத்த இடத்துக்கே நேரடியாக எழுதிச் சரிபார்க்கிறார்கள். பொய்க் கடிதம் பிடிபட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் அங்கே கெட்டுப்போகும். அத்தோடு அந்த நாடுகள் பெரும்பாலும் கேட்பது பதிவு பெற்ற பின் தாதியாக வேலை செய்த அனுபவத்தை. உதவியாளராக இருந்த வருடங்களைத் தாதியின் வருடங்களாக எழுத முடியாது.

உண்மையான வேலை என்றால் அதற்கு உண்மையான தடயம் இருக்கும். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, ஊழியர் சேமலாப நிதி இலக்கம். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று நாமே மாதாமாதம் கட்டுகிறவர்கள்தானே? நம் பிள்ளை வேலைக்குப் போகும் இடத்திலும் இவை கட்டப்படுகின்றனவா என்று பார்ப்போம். பிற்காலத்தில் "இந்தப் பிள்ளை உண்மையாகவே இங்கே வேலை செய்தது" என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குப் போகும்போது கையில் இருக்கட்டும்.

1. இந்தப் பாடநெறியை முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா? எழுத்தில் தருவீர்களா? நிறுவனம் சொல்வதோடு விடாமல் பேரவையிடமும் நேரில் கேட்க வேண்டும்.

2. வார்ட் பயிற்சி மொத்தம் எத்தனை மணித்தியாலம்? எந்த மாதத்தில் ஆரம்பிக்கும்?

3. எந்த வைத்தியசாலையில்? அந்த வைத்தியசாலையோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்ட முடியுமா?

4. எந்தெந்த வார்ட்கள்? பிரசவம், குழந்தைகள், மனநலம் எல்லாம் உண்டா?

5. மேற்பார்வை செய்வது யார்? பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் இடுவது யார்? பழைய மாணவர் ஒருவரின் புத்தகத்தைப் பார்க்கலாமா?

6. சீருடை, இரவுக் கடமை, தங்குமிடம், தடுப்பூசி ஆகியவற்றின் விதியும் செலவும் என்ன?

7. இதற்கு முந்திய தொகுதியில் படித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்? இரண்டு பேரோடு பேச முடியுமா?

இந்த ஏழுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடமாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். "முதலில் பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கள், பிறகு பார்ப்போம்" என்றால் எழுந்து வாருங்கள்.

பிள்ளை சேர்ந்த பின் வெளி வேலைக்கும் போக விரும்பினால் என் மருமகள் தன் தோழிகளுக்குச் சொல்லும் அளவையே நானும் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் வேண்டாம். பிறகு வாரத்தில் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். பரீட்சை மாதத்தில் ஒரு நாளும் இல்லை. இரவுக் கடமை முடிந்து வந்த நாளில் கடைக்கு ஆள் குறைவு என்று நாமும் பிள்ளையைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அரசாங்க வழியை முயற்சி செய்யுங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் வெளிவருகிறது, இணையத்திலும் பார்க்கலாம். விண்ணப்ப முடிவுத் திகதி தெரியாமல் தவறவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு தரம் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். அழைப்பு வரும் வரை சும்மா இருக்காமல் முதலுதவிப் பயிற்சியும் சிங்களமும் ஆங்கிலமும் நடக்கட்டும்.